ஒரு 'எக்ஸ்' கூடிப் போனால்...

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. உடனே என்ன நடக்கும்? மருமகளை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார்கள். அவளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கர்ப்பக்குழாயில் அடைப்பா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே, மாதாமாதம் மாத்திரை. நடுவில் திருக்கருகாவூர் போய் நெய்ப் பிரசாதம் வாங்கி வருவார்கள். "எதற்கும் உங்க பிள்ளைக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே" என்று டாக்டர் சொன்னால், "அவனுக்கென்ன டாக்டர், ஆறடி உயரம், நல்ல உத்தியோகம். அவனுக்கு ஒரு குறையும் கிடையாது!" என்று மாமியாரிடமிருந்து பதில் வரும்.

இன்னும் இரண்டு வருஷம் கழித்து, ஒருவழியாகக் கணவர் விந்துப் பரிசோதனைக்குச் சம்மதிக்கிறார். 'விந்தணுக்கள் இல்லை' என்று ரிப்போர்ட் வருகிறது. அடுத்து ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை. அதில் '47, எக்ஸ்-எக்ஸ்-ஒய்' என்று இருக்கிறது. குடும்பமே இடிந்து போகிறது.

இதில் வேதனையான விஷயம் என்ன தெரியுமா? இது அவருக்கு நேற்று வந்ததல்ல. கருவாக உருவான நாளிலிருந்தே கூட இருப்பது. பதின்மூன்று, பதினான்கு வயதில் உடம்பே அதைச் சொல்லியும் இருக்கும். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்தப் பெண் இத்தனை ஊசி மருந்துகளையும் ஏச்சுப் பேச்சுகளையும் தாங்கியிருக்க வேண்டாம். அவருக்கும் பல வருஷங்களுக்கு முன்பே உரிய சிகிச்சை கிடைத்திருக்கும்.

இந்த நிலைக்கு 'க்ளைன்ஃபெல்ட்டர் சிண்ட்ரோம்' என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் எங்கோ லட்சத்தில் ஒருவருக்கு வரும் அபூர்வ வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 1,200 பையன்கள் படிக்கிற ஒரு ஸ்கூலை எடுத்துக்கொண்டால், சராசரியாக இரண்டு பேராவது இருப்பார்கள் என்று அர்த்தம். டென்மார்க் நாட்டில் தேசியப் பதிவேடுகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். இந்த நிலை உள்ளவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் அது கண்டுபிடிக்கப்படுகிறது என்று தெரிந்தது. பருவ வயதுக்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் பெற்றோர்கள் இதைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

குரோமோசோம் என்பது என்ன?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. உடம்பை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்ற குறிப்புகள் அடங்கிய 46 புத்தகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இவை 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. கடைசி ஜோடிதான் ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டும் 'எக்ஸ்'. ஆணுக்கு ஒன்று 'எக்ஸ்', ஒன்று 'ஒய்'.

கருமுட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது இந்த ஜோடிகள் பிரிந்து, ஆளுக்கொன்றாகப் போக வேண்டும். சில சமயம் கடைசி ஜோடி மட்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே போய்விடுகிறது. அப்படிப்பட்ட முட்டையோ விந்தணுவோ கருவானால், குழந்தைக்கு 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள் வந்துவிடும். ஒரு 'ஒய்'யோடு இரண்டு 'எக்ஸ்'. அதுதான் எக்ஸ்-எக்ஸ்-ஒய்.

"யார் பக்கத்துக் கோளாறு டாக்டர்? அவங்க பக்கமா, எங்க பக்கமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தக் கேள்வியை அடியோடு மறந்துவிடுங்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கூடுதல் 'எக்ஸ்' அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது, பாதிப் பேருக்கு அப்பாவிடமிருந்து. அம்மாவுக்கு வயது கூடக் கூட வாய்ப்புச் சற்றே அதிகரிக்கிறது, அவ்வளவுதான். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதால் வருவதல்ல. கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிட்ட மாத்திரையாலோ, கிரகணம் பார்த்ததாலோ வருவதல்ல. பரம்பரை வியாதியும் அல்ல. செல் பிரியும்போது தற்செயலாக நேர்ந்த ஒரு பிசகு. யாரும் செய்ததல்ல, யாராலும் தடுத்திருக்கவும் முடியாது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களின் செல்களில் இருக்கும் இரண்டு 'எக்ஸ்'களில் ஒன்று சுருண்டு தூங்கிவிடும். இந்த ஆண்களுக்கும் கூடுதல் 'எக்ஸ்' அப்படித்தான் தூங்குகிறது. ஆனால் கும்பகர்ணத் தூக்கம் அல்ல. அதில் உள்ள சில மரபணுக்கள் மட்டும் விழித்துக்கொண்டு வேலை செய்கின்றன. அதனால்தான் உயரம் கூடுகிறது, விதைகளின் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது, சில பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகிறது. பெரிய அளவில் பாதிப்பு இல்லாமல் போவதற்கும் அந்தத் தூக்கம்தான் காரணம்.

இதை முதலில் விவரித்தவர் ஹாரி க்ளைன்ஃபெல்ட்டர் என்ற இளம் அமெரிக்க டாக்டர். 1942ல், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற பெரிய ஹார்மோன் நிபுணரிடம் இருந்தபோது, ஒரே மாதிரி அறிகுறிகள் கொண்ட ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். ஏதோ ஹார்மோன் கோளாறு என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1959ல் எடின்பரோவில் பாட்ரீஷியா ஜேக்கப்ஸ், ஜான் ஸ்ட்ராங் இருவரும்தான் காரணம் ஒரு கூடுதல் 'எக்ஸ்' என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

வயதுக்கு வயது என்ன அடையாளம்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா அடையாளங்களும் இருக்காது. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இருந்தாலும் கவனிக்க வேண்டியவை இவை:

கைக்குழந்தை: பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருக்கும். சில குழந்தைகளுக்கு விதைகள் பைக்குள் இறங்காமல் இருக்கும். எந்தக் காரணத்தால் இறங்காமல் இருந்தாலும், ஆறு மாதத்துக்குப் பிறகு "தானா இறங்கிடும்" என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு முதல் ஐந்து வயது: பேச்சு தாமதமாகும். உட்காருவது, நடப்பது கொஞ்சம் பின்தங்கலாம். கை கால் சற்றுத் தொளதொளவென்று இருக்கலாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வருஷத்தை ஓட்ட வேண்டாம். காது கேட்கும் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் உடனே தேவை.

பள்ளிக்கூடப் பருவம்: புத்தி மட்டான பிள்ளைகள் அல்ல. பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண அறிவுத்திறன்தான். ஆனால் மனதில் இருப்பதை வார்த்தையில் கொண்டுவரத் திணறுவார்கள். வாசிப்பு, எழுத்து, ஸ்பெல்லிங் தகராறு செய்யும். நாலு வேலையை ஒரே மூச்சில் சொன்னால் இரண்டை மறந்துவிடுவார்கள். சாது, கூச்ச சுபாவம். கால்கள் நீளமாக வளர்வதால் போன வருஷம் தைத்த பேன்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

பருவ வயது: இதுதான் முக்கியமான கட்டம். மற்றப் பையன்களைப் போலவே சரியான வயதில் மாற்றங்கள் ஆரம்பிக்கும். உயரம் கூடும், அந்தரங்க ரோமம் முளைக்கும், ஆணுறுப்பும் வளரும். ஆனால் விதைகள் மட்டும் வளராமல் சின்னதாக, கெட்டியாக நின்றுவிடும். வளர்ந்த ஆணுக்கு விதையின் நீளம் 4 முதல் 5 சென்டிமீட்டர். இவர்களுக்குப் பெரும்பாலும் 2, இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். மீசை தாடி மெலிதாக வரும். சிலருக்கு மார்பு பெண்பிள்ளை மாதிரி திரண்டு வரும்.

ஒரு எச்சரிக்கை: பதின்மூன்று, பதினான்கு வயதில் மார்புக் காம்புக்குக் கீழே சின்னக் கட்டி போல வருவது ஏராளமான சாதாரணப் பையன்களுக்கும் உண்டு. ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே மறைந்துவிடும். அதை மட்டும் வைத்து பயந்துவிடாதீர்கள். அது மறையாமல் பெரிதானாலோ, விதையும் சிறுத்திருந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும்.

வளர்ந்த ஆண்: குழந்தையில்லாமை, தாம்பத்யத்தில் நாட்டக்குறைவு, காரணமில்லாத சோர்வு, மெலிந்த தசை, சின்ன வயதிலேயே தொப்பை, எலும்பு பலவீனம்.

"இதையெல்லாம் வளர்ந்த பையன்கிட்ட எப்படி டாக்டர் பார்க்கிறது? கிட்ட வந்தாலே கதவைச் சாத்திக்கிறான்" என்கிறீர்களா? நியாயம்தான். நீங்கள் பார்க்க வேண்டாம். காய்ச்சலுக்கோ தடுப்பூசிக்கோ குழந்தை மருத்துவரிடம் போகும்போது, "இவனோட பருவ வளர்ச்சி சரியா இருக்கான்னு ஒருதரம் பார்த்துடுங்க" என்று சொன்னால் போதும். ஹார்மோன் நிபுணர்களிடம் ஒரு மணிமாலை இருக்கும். 1 மில்லிலிட்டரிலிருந்து 25 மில்லிலிட்டர் வரை படிப்படியாகப் பெரிதாகும் முட்டை வடிவ மணிகள் கோத்தது. விதையை அந்த மணிகளோடு ஒப்பிட்டு அளவு சொல்லிவிடுவார். இரண்டே நிமிஷம். வலி கிடையாது. வளர்ந்த ஆணுக்கு 15க்கு மேல் இருக்க வேண்டியது, இந்தப் பையன்களுக்கு 4ஐத் தாண்டுவதே அபூர்வம். இந்தப் பரிசோதனை நடக்கும்போது அம்மா வெளியே உட்கார்ந்து, அப்பாவோ மாமாவோ கூட இருந்தால் பையனுக்குக் கூச்சம் குறையும்.

எப்படி உறுதி செய்வது?

சந்தேகம் வந்தால் இரண்டு வகை ரத்தப் பரிசோதனைகள் போதும்.

ஒன்று, ஹார்மோன் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன், எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்று மூன்று. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். மூலம் விதைகளுக்கு "வேலை செய்" என்று உத்தரவு போடுகிறது. விதைகள் மந்தமாக இருந்தால் உத்தரவு மேல் உத்தரவாகப் பறக்கும். அதனால் இந்த இரண்டும் எகிறியிருக்கும், டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவோ குறைந்தபட்ச அளவை ஒட்டியோ இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் அதிகமாகச் சுரக்கும். ஆகவே ரத்தம் கொடுக்கக் காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டாவது, 'கேரியோடைப்' எனப்படும் குரோமோசோம் பரிசோதனை. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதிலுள்ள வெள்ளை அணுக்களை லேபில் சுமார் மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயம் ஏற்றி, குரோமோசோம்களைப் படம் பிடித்து வரிசையாக அடுக்கி எண்ணுவார்கள். ரிப்போர்ட் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஒருமுறை செய்தால் போதும், வாழ்நாளுக்கும் அதுதான் முடிவு. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தனியார் லேப்களும் ரத்தத்தை எடுத்து அனுப்பிச் செய்து தருகிறார்கள்.

சிலருக்கு ரிப்போர்ட்டில் 'மொசைக்' என்று வரும். சில செல்களில் 46, சில செல்களில் 47 என்று கலந்திருக்கிறது என்று அர்த்தம். இவர்களுக்குப் பொதுவாகப் பாதிப்பு குறைவு.

என்ன சிகிச்சை?

கூடுதல் குரோமோசோமை எடுத்துவிட முடியாது. ஆனால் அதனால் குறைந்து போகிற ஹார்மோனைக் கொடுக்க முடியும். அதுதான் டெஸ்டோஸ்டிரோன்.

பருவ வயதில் பையனின் ஹார்மோன் அளவைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டே வருவார்கள். போதவில்லை என்று தெரிந்ததும் சிறிய அளவில் ஆரம்பித்து, படிப்படியாக உயர்த்துவார்கள். தசை திரளும், குரல் உடையும், மீசை வரும், எலும்பு உறுதியாகும், சோர்வு குறையும். மனசிலும் ஒரு தெம்பு வரும். பெரும்பாலானவர்களுக்கு இது வாழ்நாள் சிகிச்சை. சர்க்கரை வியாதிக்காரர் இன்சுலின் போட்டுக்கொள்கிற மாதிரிதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, தினமும் தோளில் தடவும் ஜெல் என்று பல வகை இருக்கிறது. எது யாருக்கு என்பதை ஹார்மோன் நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஜெல் தடவுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடவிய இடம் காய்ந்ததும் சட்டை போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் மடியில் ஏறி விளையாடும் குழந்தைக்கும் மனைவிக்கும் அந்த ஹார்மோன் தோல் வழியாகப் போய்ச் சேரும். இந்தச் சிகிச்சையில் ரத்தம் அளவுக்கு மீறி கெட்டிப்படவும் கூடும் என்பதால், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

ஜிம் மாஸ்டர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று யாரும் தானாக இந்த ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. 'ஆண்மைக் குறைவுக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம் செய்து லாட்ஜில் முகாம் போடுகிறவர்களிடம் போய்ப் பணத்தைத் தொலைக்கவும் வேண்டாம். எந்த லேகியத்துக்கும் குரோமோசோமை மாற்றும் சக்தி கிடையாது.

திரண்டுவிட்ட மார்பு ஊசியால் கரையாது. பையன் அதனால் சட்டையைக் கழற்றவே கூசுகிறான், நீச்சலுக்குப் போக மறுக்கிறான் என்றால், சின்ன ஆபரேஷன் மூலம் சரிசெய்துவிடலாம்.

குழந்தை பிறக்குமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒரு காலத்தில் 'முடியாது' என்பதுதான் பதிலாக இருந்தது. இன்று அப்படி இல்லை.

விந்தில் அணுக்களே இல்லாவிட்டாலும், விதைக்குள் எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். மைக்ராஸ்கோப் வைத்து விதையைத் திறந்து, அந்த இடங்களைத் தேடி அணுக்களை எடுக்கும் 'மைக்ரோ டீசி' ஆபரேஷன் 1999க்குப் பிறகு பரவலாக வந்தது. க்ளைன்ஃபெல்ட்டர் உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பேருக்கு இப்படி அணுக்கள் கிடைக்கின்றன. ஒரே ஒரு அணுவை எடுத்து மனைவியின் கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறையில் குழந்தை பெறலாம். அப்படிப் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் சரியாகவே இருந்திருக்கிறது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம். அணு கிடைத்தாலும் கர்ப்பம் நிச்சயமில்லை. செலவும் அதிகம். வயது ஏற ஏற வாய்ப்பு குறைகிறது என்பதால் முப்பத்தைந்துக்கு முன்பே முயல்வது நல்லது.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணுவை உண்டாக்காது. மாறாக, மிச்சம் இருக்கும் உற்பத்தியையும் நிறுத்திவிடும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர், ஊசி ஆரம்பிப்பதற்கு முன்பே குழந்தைப்பேறு நிபுணரையும் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், டாக்டர் சொல்லாமல் தானாக நிறுத்தவும் கூடாது.

அணு கிடைக்காவிட்டால்? கணவனும் மனைவியும் மனமொத்துச் சம்மதித்தால், தானமாகப் பெற்ற விந்தணு மூலம் குழந்தை பெறலாம். 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் இதைப் பெற வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை. இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது தத்து. மத்திய அரசின் 'காரா' அமைப்பில் பதிவு செய்யலாம். தம்பதியர் தத்தெடுக்க, கல்யாணமாகிக் குறைந்தது இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

பையனிடம் சொல்லலாமா?

ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, "பாவம், குழந்தை. தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவான்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் ஊசி ஏன் போடுகிறார்கள் என்று தெரியாத பையன், தனக்கு ஏதோ கொடிய நோய் என்று கற்பனை செய்துகொண்டு தவிப்பான். இருபத்தெட்டு வயதில் வேறு யாரோ சொல்லித் தெரிந்தால், "எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க" என்று உடைந்து போவான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். வயதுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில்: "கண்ணா, சில பேருக்குக் கண்ணாடி தேவைப்படுது இல்லையா? அது மாதிரி உனக்கு வாசிக்கிறதுக்குக் கொஞ்சம் உதவி தேவை. அதனாலதான் அந்த டீச்சர்கிட்ட போறோம்."

பன்னிரண்டு, பதின்மூன்றில், அப்பா சொல்வது நல்லது: "உன் உடம்புல ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்குடா. நிறையப் பேருக்கு இருக்கு. அதனால பெரியவனா ஆகறதுக்கு வேண்டிய ஹார்மோன் கொஞ்சம் கம்மியா சுரக்குது. அதை நாம ஊசியா கொடுக்கப் போறோம். நீ எப்பவும் போல ஆம்பளைப் பையன்தான். எந்தச் சந்தேகம்னாலும் என்கிட்ட கேளு."

பதினாறு, பதினேழில், குழந்தைப்பேறு பற்றிய பேச்சு. இதை டாக்டர் முன்னிலையில் பேசினால், அவன் உங்களிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்டுக்கொள்வான். விந்தணுவைச் சேமித்து வைக்க வாய்ப்பிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஸ்கூலில் குரோமோசோம் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "இவனுக்கு வாசிப்பதில் சிரமம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், போர்டில் எழுதிப் போடுங்கள்" என்று வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் போதும். கற்றல் குறைபாடு 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். 'சோம்பேறி' என்ற பட்டத்தை வீட்டில் யாரும் அவனுக்குச் சூட்ட வேண்டாம்.

கல்யாணப் பேச்சு வந்தால்?

ஒளிவுமறைவு வேண்டவே வேண்டாம். "ஜாதகம் பத்துப் பொருத்தமும் சேர்ந்திருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மறைத்துக் கட்டி வைத்தால், ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடுகிறோம். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, பையனே அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை. "நான் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கறேன். இயற்கையா குழந்தை பிறக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. உங்களுக்கு யோசிக்க வேண்டிய நேரம் எடுத்துக்குங்க" என்று சொன்னால் போதும். சிலர் வேண்டாம் என்று போவார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் தெரிந்து சம்மதித்து வருகிறவள் கடைசி வரை துணையாக நிற்பாள்.

ஏற்கெனவே கல்யாணமாகி, இப்போதுதான் தெரிய வந்ததா? முதலில் செய்ய வேண்டியது ஒன்று. இத்தனை வருஷம் 'மலடி' பட்டம் சுமந்த மருமகளிடம், "உன் மேல தப்பில்லைம்மா" என்று வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதேபோல, "உன் மேலயும் தப்பில்லைப்பா" என்று மகனிடமும்.

இவற்றையும் கவனியுங்கள்

டெஸ்டோஸ்டிரோன் குறைவு நீடித்தால் எலும்பு வலுவிழக்கும். அதனால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி தேவை. பால், தயிர், கேழ்வரகு, கீரை தினசரி சாப்பாட்டில் இருக்கட்டும்.

சர்க்கரை வியாதியும் வயிற்றுக் கொழுப்பும் இவர்களுக்குச் சீக்கிரம் வரக்கூடும். தினம் அரை மணி நேர நடை, வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனை.

ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம், வலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

மார்பில் கெட்டியான கட்டி, காம்பில் கசிவு இருந்தால் காட்டிவிடுங்கள். மார்புப் புற்றுநோய் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இவர்களுக்கு அதிகம். என்றாலும் வருவது அபூர்வமே.

மனச்சோர்வு, பதற்றம், யாரோடும் ஒட்டாமை தெரிந்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகத் தயங்க வேண்டாம்.

சந்தேகங்களுக்குப் பதில்

"என் மகன் பாதி பெண்ணா டாக்டர்?"
இல்லவே இல்லை. 'ஒய்' இருப்பதால் அவன் ஆணாகவே உருவாகி, ஆணாகவே பிறந்தவன். கூடுதல் 'எக்ஸ்' இருப்பதால் யாரும் பெண்ணாகிவிடுவதில்லை. திருநங்கையர் என்பது வேறு விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"தாம்பத்ய வாழ்க்கை நடத்த முடியுமா?"
முடியும். பெரும்பாலானவர்கள் இயல்பாகவே நடத்துகிறார்கள். நாட்டக்குறைவு இருந்தால் ஹார்மோன் சிகிச்சையில் நன்கு முன்னேற்றம் தெரியும். குழந்தையில்லாமை வேறு, ஆண்மைக்குறைவு வேறு.

"அடுத்த பிள்ளைக்கும் வருமா? தம்பிக்கு டெஸ்ட் எடுக்கணுமா?"
மறுபடி வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. தம்பிக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால் பரிசோதனை தேவையில்லை.

"கர்ப்பத்திலேயே பரிசோதனையில் எக்ஸ்-எக்ஸ்-ஒய் என்று வந்தால்?"
பதறி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மரபியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறவர்களாக வளரும் பிள்ளைகள் இவர்கள். முன்கூட்டியே தெரிவதில் ஒரு லாபமும் உண்டு. பேச்சுப் பயிற்சியையும் பருவ வயதுச் சிகிச்சையையும் சரியான நேரத்தில் ஆரம்பித்துவிடலாம்.

"எந்த டாக்டரிடம் போகணும்?"
சிறுவர்களுக்கு முதலில் குழந்தை மருத்துவர், பிறகு ஹார்மோன் நிபுணர். பெரியவர்களுக்கு ஹார்மோன் நிபுணரும், குழந்தைப்பேறுக்கு ஆண்களுக்கான சிறப்பு மருத்துவரும்.

கடைசியாக, பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். பேச்சும் படிப்பும் பின்தங்கினால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒருமுறையாவது அவன் பருவ வளர்ச்சியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குழந்தையில்லை என்று டாக்டரிடம் போகும் நாளில், மனைவிக்கு முதல் பரிசோதனை எழுதும்போதே கணவனுக்கும் விந்துப் பரிசோதனை எழுதச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண லேபில் ஒரே நாளில் முடிகிற பரிசோதனை அது!